வீடாகும் படகு: கட்டுபவரை எப்படித் தேர்வது?

சென்னை எம்.கே.பி. நகர்ப் பக்கம் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாயில் படகு விடலாம் என்று இன்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அது கலக்கும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில்தான் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய நீர்வழி அது.

அந்தக் காலம் போனாலும், படகையே வீடாக்க நினைப்பவர் கேரளத்தின் ஆலப்புழைக்குப் போகலாம். அங்கே கெட்டுவள்ளம் என்னும் படகின் ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியின்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கிறார்கள். நெல் சுமந்த வள்ளம்தான் படுக்கையறையும் சமையலறையும் ஏற்று வீடானது. அதனால் மெத்தையையும் விளக்கையும் பார்த்து மயங்கக் கூடாது. படகு கட்டும் ஆசாரி முன்பு கட்டிய பழைய படகைக் கரையேற்றும் நாளில் போய், அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

சென்னையின் காசிமேட்டிலும் படகு கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அலையை எதிர்க்கும் கடல் படகு வேறு. ஆழமில்லாத கால்வாய்க்குத் தட்டை அடி வேண்டும்.

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளில் அடித்தகடு 10 மி.மீ., பக்கம் 6, மேலறை 4 என்பது பரவலான எஃகுக் கணக்கு. எஃகில் கட்டுவதானால் இப்படித் தகட்டின் கனத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவசியம். பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் தர வேண்டும். பாதி கட்டிய படகு யாருக்குச் சொந்தம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பட்டறை நொடித்துப்போனால் அந்தக் காகிதம்தான் துணை.

மோட்டார் வைத்த படகுக்கு 2021-ஆம் ஆண்டின் இந்திய உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் தேவை. கட்டுபவர் அந்த நடைமுறை தெரிந்தவரா என்று முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.