கடலோரத்தில் ஒரு கிணறு

ஹானலூலுவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வைகிகிக் கடற்கரைக்குப் போகிறார்கள். போய், மணலில் துண்டை விரித்துப் படுத்துக் கொள்கிறார்கள். நாங்களும் போனோம். ஆனால் வெயிலில் படுப்பதற்காக விமானச் சத்தம் கொடுத்து வருவானேன் என்பது எங்கள் வீட்டுக்காரரின் கட்சி. எனக்கும் சென்னையில் காய்ந்தது போதும் என்று இருந்தது. ஆகவே டயமண்ட் ஹெட் மலையைப் பார்த்தபடி கடற்கரைச் சாலையோடு நடந்தோம். ஹோட்டல் மாடிகள் முடிந்து கபியோலானிப் பூங்காவின் மரங்கள் தொடங்குகிற இடத்தில், கடலை ஒட்டினாற்போல ஒரு தாழ்வான கட்டடம் இருக்கிறது. அதுதான் வைகிகி மீன் காட்சிசாலை.

இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1904-இல் இதை ஆரம்பித்தது ஒரு டிராம் கம்பெனி! டிராம் பாதையின் கடைசி நிலையம் இந்தப் பூங்கா. அங்கே பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே ஜனங்கள் கடைசி வரை டிக்கெட் வாங்குவார்கள்? மீன்களைக் காட்டி டிக்கெட் விற்றார்கள். டிராம் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது, மீன்கள் இருக்கின்றன. 1919-இல் நிர்வாகம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இப்போதுள்ள கட்டடம் 1955-இல் திறந்தது. (நம் மெரினாவிலும் 1909-இல் ஒரு மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது மூடிவிட்டார்கள். அதை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போவோம்.)

உள்ளே நுழைந்ததும் ஹவாய் ராஜ்யத்தின் சொந்த மீன் நம்மை வரவேற்கிறது. அதன் பெயர் ஹுமுஹுமுநுகுநுகுஆபுவா. பன்றி மாதிரி மூக்குள்ளது என்று பொருளாம். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் மீன் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விடுகிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தவை மீன்கள் அல்ல, பவழங்கள்தாம். நாம் மாலையில் கோக்கிற சிவப்புப் பவழம் வேறு ஜாதி. இங்கே இருப்பவை திட்டுத் திட்டாகக் கடலடியில் வளர்ந்து தீவுகளையே தாங்கி நிற்கும் பவழங்கள். பார்த்தால் செடி, தொட்டால் கல், உண்மையில் பிராணி. குண்டூசித் தலையளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக் கொள்கின்றன. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைக்கிறது, பவழம் சாப்பிடுகிறது. ஹவாய்க்காரர்களின் குமுலிபோ என்ற பழைய சிருஷ்டிப் பாட்டில், முதலில் பிறந்த ஜீவன் இந்தப் பவழப் பூச்சிதான். மனிதனெல்லாம் வெகு நேரம் கழித்துத்தான் வருகிறான்.

இத்தனை பெருமை உள்ள பிராணியைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது லேசான காரியம் அல்ல. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு என் தங்கை வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹானலூலு வருமுன் கலிபோர்னியாவில், ஸான் ஹோஸே நகரில், அவள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தோம். கூடத்தில் 400 லிட்டர் பவழத் தொட்டி, மாப்பிள்ளையின் செல்லம். பக்கத்தில் கடல் கிடையாது. ஆர்.ஓ. தண்ணீரில் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையைக் கரைத்துத் தாமே கடல் தயாரிக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தொட்டி முழுவதற்கும் 14 கிலோ.

"நான் வருஷம் பூரா ஊறுகாய் போட்டாலும் இத்தனை உப்பு செலவாகாது, அக்கா!" என்றாள் தங்கை.

தயாரித்தால் மட்டும் போதுமா? மீன் தின்ற மிச்சமும் அதன் கழிவும் தண்ணீரிலேயே தங்கி நைட்ரேட்டாக மாறிச் சேர்கின்றன. பவழமோ சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கிறது. வேண்டாதது கூடுகிறது, வேண்டியது குறைகிறது. ஆகவே பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும். முன்பெல்லாம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாப்பிள்ளை வாளி தூக்குவாராம். தங்கை பின்னாலேயே தரை துடைப்பாளாம். அவருக்கு முதுகு பிடித்துக் கொண்ட பிறகு இயந்திரம் வந்தது.

இயந்திரத்தில் இரண்டு பம்புகள். ஒன்று தொட்டியிலிருந்து எடுக்கும். மற்றொன்று பீப்பாயில் கலந்து வைத்த புது நீரைக் கொடுக்கும். பம்பு என்றதும் கிணற்று மோட்டாரை நினைக்காதீர்கள். கையகலப் பெட்டி. உள்ளே ஒரு ரப்பர் குழாயை உருளைகள் அழுத்தி அழுத்தி, பசுவின் காம்பை இழுத்துப் பால் கறப்பது போல, சொட்டுச் சொட்டாக நீரை நகர்த்துகின்றன. நாள் ஒன்றுக்கு 4 லிட்டர், அதாவது நூற்றில் ஒரு பங்கு.

"ஒரேயடியாக நூற்றுக்கு 30 பங்கு மாற்றினால் அழுக்கும் 30 பங்கு போகும். தினம் ஒரு பங்காக ஒரு மாதம் மாற்றினால் 26 பங்குதான் போகும். புதுத் தண்ணீரிலும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறதல்லவா? அந்த 4 பங்கு நஷ்டத்துக்குப் பவழத்துக்கு அதிர்ச்சியே இல்லாமல் போகிறது, அக்கா" என்று மாப்பிள்ளை விளக்கினார். நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் சென்ற வருஷம் இந்தத் தானியங்கியே வீட்டில் ஒரு துக்கத்தைக் கொண்டு வந்துவிட்டது. மான்கொம்பு போல் கிளைத்திருந்த ஒரு பவழம் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. குழந்தை அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாளாம். மாப்பிள்ளை விளக்கை மாற்றினார், மருந்து வாங்கினார், ராத்திரியெல்லாம் புத்தகம் படித்தார். தொட்டியில் தண்ணீர் மட்டம் மட்டும் ஒரு நூல் இறங்கவில்லை. ஆகவே பம்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கண்டுபிடித்தவள் தங்கைதான். சமையலறை அளவுக் குவளையை எடுத்து, இரண்டு குழாய்களின் அடியிலும் பத்துப் பத்து நிமிஷம் பிடித்தாள். எடுக்கும் குழாயில் 100 மில்லி. கொடுக்கும் குழாயில் 90! ரப்பர் தளர்ந்து போயிருந்தது. வித்தியாசம் மட்டத்தில் ஏன் தெரியவில்லை? தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் விட்டு நிரப்புவதற்கென்று தனியாக ஒரு மிதவை உண்டு. அது பாவம், விசுவாசமாகத் தன் வேலையைச் செய்தது. உப்பு நீர் குறைந்த இடத்தையெல்லாம் நல்ல நீரால் நிரப்பியது. நாளுக்கு 14 கிராம் உப்பு களவு போனது போலத்தான். மூன்று மாதத்தில் 35 என்றிருந்த உப்பு 33-ஐத் தொட்டுவிட்டது.

அப்புறமும் அவசரப்பட்டு உப்பை அள்ளிக் கொட்டக் கூடாது. நாலைந்து நாளில் சிறுகச் சிறுக ஏற்றினார்கள். மான்கொம்பு பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன.

இப்போது தொட்டியின் இலாகா தங்கையுடையது. மாதம் ஒரு முறை இரண்டு குழாய்களையும் குவளையில் அளக்கிறாள். ஒன்று தேய்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறாள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மறுபடி அளவு பிசகும். குழாய் நுனியில் பூக்கும் உப்பைத் துடைக்கிறாள். பீப்பாய் அடியில் படியும் சுண்ணாம்பைக் கழுவி, புது நீரை நன்றாகக் கலக்கி மூடி வைக்கிறாள். எடுக்கும் குழாயைத் தொட்டிக்குள் ஆழமாக விடுவதில்லை. ரப்பர் கிழிந்தாலும் வீடு வெள்ளக்காடாகாமல் கொஞ்சத்தோடு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், வாரம் ஒரு தடவை உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறாள். இயந்திரம் வைத்திருப்பவர்கள் பார்க்க மறக்கிற சொட்டு அதுதான் என்பது அவள் அபிப்பிராயம்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக் கொண்டுதான் வைகிகியில், பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் நரைத்த தலை அம்மாளிடம், "உங்களுக்கென்ன கவலை! வாசலிலேயே கடல். மொண்டு விட வேண்டியதுதானே!" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தாள். "கடலிலிருந்து மொள்வதில்லை. கிணற்றிலிருந்து!" என்றாள்.

கடற்கரையில் தோண்டினால் உப்பு நீர்தானே ஊறும்? அந்த உப்பு நீரே இங்கே பயன்படுகிறது. மணலும் பழைய பவழப்பாறையும் வடிகட்டிக் கொடுப்பதால் நீர் தெளிந்திருக்கும். குழாய்க்குள் ஒட்டி வளர்ந்து அடைக்கும் சிப்பிக் குஞ்சுகளின் தொல்லை குறைவு. மழைக்குப் பின் கடல் கலங்கினாலும் கிணறு கலங்காது.

ஆனால் அந்த நீரைப் பவழ சாஸ்திரம் தெரிந்தவர்கள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்! கரியமில வாயு அதிகம்; காரத்தன்மை கடலைவிடக் குறைவு; நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பவழக் கடல்களில் சாதாரணமாக இருப்பதைவிட மிகுதி. சத்தில்லாத சுத்த நீரில்தான் பவழம் வளரும், சத்து மிகுந்தால் பாசி பிடித்து மூடிவிடும் என்பது அக்காலத்துப் பாடம். அந்தப் பாடத்தை வைகிகிப் பவழங்கள் படிக்கவில்லை போலிருக்கிறது. மார்லின் அட்கின்ஸன், புரூஸ் கார்ல்ஸன், ஜெரால்டு குரோ என்ற மூவர் 1995-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். 57 வகைப் பவழங்கள் இந்த நீரில் வளர்ந்தன. அவற்றின் வளர்ச்சி கடலில் கண்ட உயர்ந்த வேகத்துக்குச் சமீபமாக இருந்தது. ஒரு விஷயத்தையும் அவர்கள் அளந்திருக்கிறார்கள்: உயிர்களிலிருந்து கரையும் கழிவு இந்த நீரில் வெப்பக் கடல்களின் மேல் நீரைவிடக் குறைவு.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்த நீர் உயர்ந்த நீர் அல்ல. ஆனால் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. வந்தது தங்காமல் போய்க் கொண்டே இருக்கிறது. மான்கொம்பைக் கொன்றது நல்ல நீர்தான். ஆனால் தினம் ஒரு குணமாக மாறிய நீர். எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "சரி, சமையலுக்கும் அதுதானே!" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தொட்டிகளைத் தாண்டிய நீர் கடைசியில் கடலுக்கே திரும்புகிறது. கடலுக்குள் விடுவதற்கும் ராஜ்ய சுகாதார இலாகாவின் அனுமதி வேண்டும். வாசலுக்கு எதிரே உள்ள அந்தக் கடலில் 2015-இல் வெப்பம் மிகுந்து ஹவாய்ப் பவழங்கள் ஏராளமாக வெளுத்துப் போயின. அங்கே உயிருள்ள கல் பவழத்தைக் கடலிலிருந்து ஒரு கிளைகூட எடுக்கக் கூடாது என்று சட்டம். நம் நாட்டிலும் 2001 முதல் கல் பவழங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் நம் பவழங்களும் அதில் அடக்கம். ஆகையால் இதைப் படித்துவிட்டுத் தொட்டி வாங்கக் கிளம்ப வேண்டாம்.

இரவு ஹோட்டலிலிருந்து தங்கைக்கு டெலிபோன் செய்து கிணற்றுச் சமாசாரத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதை அவர் காதில் மட்டும் போட்டுவிடாதே. கொல்லையைத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்!" என்றாள்.