திரும்பி வந்த பொதி

இங்கிலாந்தின் வடபாகத்திலே, யோர்க்‌ஷயர் மலைச்சரிவொன்றில் அமைந்துள்ள சிற்றூர் ஹாவர்த். லீட்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட புகையிரதம் அரை மணி நேரத்திற்குள் எம்மைக் கீத்லி என்னும் பட்டினத்திற் சேர்த்தது. அங்கிருந்து நீராவி இயந்திரம் பூட்டிய பழைய வண்டியொன்றில் ஏறிக்கொண்டோம். 1867இல் திறக்கப்பட்ட இக்கிளைப்பாதை 1962இல் மூடப்பட்டதாம். புகையிரதத்தின் மேற் பற்றுக்கொண்டோர் ஒன்றுகூடி, 1968இல் அதனை மீண்டும் ஓடச் செய்தனர். பள்ளத்தாக்கின் வழியே மெல்ல ஏறிச் செல்லும் அவ்வண்டி ஹாவர்த் நிலையத்தில் எம்மை இறக்கிவிட்டது.

நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்ல மேடேற வேண்டும். பிரதான வீதி செங்குத்தானது, கற்கள் பதித்தது. இரு மருங்கிலும் புகை படிந்து கறுத்த கல்வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மூச்சு வாங்க உச்சியை அடைந்தால் தேவாலயம் தோன்றுகிறது. அதன் பின்னே கல்லறைகள் நிறைந்த சேமக்காலை. அதற்கும் அப்பால் அடக்கமான இருமாடிக் குருமனை. அதன் பின்புறமிருந்து தொடங்கும் புல்வெளி மேடுகளில், தடுப்பார் எவருமின்றிக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது.

இக்குருமனையிலேதான் ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் புரொண்டேயும், ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதிய எமிலியும், ‘ஆக்னஸ் கிரே’ எழுதிய ஆனும் வாழ்ந்தனர். தந்தையார் பற்றிக் புரொண்டே அயர்லாந்திற் பிறந்து, 1820இல் இவ்வூர்த் தேவாலயத்திற்குக் குருவாக வந்தவர். மறு ஆண்டிலே தாயார் மறைந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் இறந்தனர். எஞ்சிய மூன்று பெண்களும் பிரான்வெல் என்னும் ஆண்மகனும் இவ்வீட்டில் வளர்ந்தனர்.

1928 முதல் இம்மனை அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. அங்கே எம்மை முதலிற் கவர்ந்தவை, இவர்கள் சிறுபராயத்தில் தாமே எழுதித் தாமே தைத்த குட்டிப் புத்தகங்கள். தீப்பெட்டி அளவினதாய, கண்ணை அருகே வைத்துப் பார்த்தாலன்றி வாசிக்க இயலாத எழுத்துக்கள். சார்லட் தமது 14ஆம் வயதிற் செய்த அத்தகைய புத்தகமொன்று 2019இல் பாரிஸ் நகர ஏலத்தில் 6 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கியவர்கள் இவ்வரும்பொருட்சாலையை நடத்தும் சங்கத்தாரே. ஆனால், அப்பெண் வளர்ந்து தம் நூல்களைப் பிறர் கையிற் கொடுத்தபோது உலகம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை.

தமது 20ஆம் வயதில், அரசவைக் கவிஞராயிருந்த ராபர்ட் சதே என்பவருக்குத் தம் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார் சார்லட். சில மாதங்களின் பின், 1837 மார்ச் மாதத்தில் மறுமொழி வந்தது. இலக்கியம் பெண்ணொருத்தியின் வாழ்க்கைத் தொழிலாதல் இயலாது, ஆகவும் கூடாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் பிரான்வெல் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்துக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழியே கிடைக்கவில்லை. 1844இற் குருமனையிலேயே பாடசாலை ஒன்று நடத்தலாமெனச் சகோதரியர் விளம்பரம் அச்சிட்டனர். ஒரு மாணவிதானும் வந்து சேரவில்லை.

1846இல் மூவரும் தம் கவிதைகளை ஒரே நூலாகத் தொகுத்து, பெரிய தாயார் விட்டுச்சென்ற பணத்திலிருந்து செலவு செய்து இலண்டனில் அச்சேற்றினர். பெண்கள் எழுதியவை என்றால் விமர்சகர் வேறு கண்கொண்டு நோக்குவரென அஞ்சி, கரர் பெல், எலிஸ் பெல், அக்டன் பெல் எனப் புனைபெயர் பூண்டனர். ஓராண்டு கழிந்த பின் கணக்குப் பார்த்தால், விற்பனையானவை இரண்டே பிரதிகள்! விற்காத பிரதிகளிற் சிலவற்றைத் தாம் மதித்த எழுத்தாளருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டு, அவர்கள் எழுத்தைத் தொடர்ந்தனர்.

கீழ்மாடியிலுள்ள உணவறையில் அவர்கள் எழுதிய மேசை இன்றும் இருக்கிறது. மைக் கறைகளும், கீறிய எழுத்தொன்றும் அதன்மேற் காணப்படுகின்றன. இரவு 9 மணிக்குத் தந்தையார் மாடிப்படியிலிருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு உறங்கச் செல்வார். அதன் பின் சகோதரியர் மூவரும் இம்மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தவாறே, அன்று எழுதியவற்றை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி ஆராய்வர். இவர்கள் எழுதுவது இன்னதென்பதை ஊரார் அறியார். கடதாசி விற்ற ஜோன் கிரீன்வூட் என்பவர் மாத்திரம், இத்தனை கடதாசி எதற்கு என வியந்திருக்கிறார். அவர்கள் கேட்டு வரும்போது இல்லையென்று சொல்ல நேருமோ என்றஞ்சி, ஹலிபக்ஸ் நகருக்குப் 10 மைல் நடந்துசென்று கடதாசி வாங்கி வந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். நூலாசிரியர் வரலாறுகளில் இத்தகையோருக்கும் ஓரிடம் உண்டன்றோ?

சார்லட்டின் முதல் நாவல் ‘பேராசிரியர்’. அதனைப் பிரசுரகர்த்தர் ஒருவருக்கு அனுப்புவார்; அது திரும்பி வரும்; அதே உறையில் பழைய முகவரியை அடித்துவிட்டு, அடுத்தவர் முகவரியை எழுதி மீண்டும் அனுப்புவார். எத்தனை பேர் மறுத்தனர் என்பதை அவ்வுறையே காட்டிக்கொடுக்கும் என்னும் சூதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

1846 ஆகஸ்ட் மாதத்தில், கண்ணிற் படலம் படர்ந்து பார்வை மங்கியிருந்த தந்தையாரைச் சத்திர சிகிச்சைக்காக மான்செஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார் சார்லட். மயக்க மருந்து வழக்கத்திற்கு வராத காலம் அது. சிகிச்சை நடைபெறவிருந்த அன்றைய தினமே ‘பேராசிரியர்’ பொதியும் மறுப்புடன் வந்து சேர்ந்தது. பின்னர் வாரக்கணக்காகத் தந்தையார் இருட்டறையில் அசையாது படுத்திருக்க, அந்நியர் வீட்டு வாடகை அறையிலே சார்லட் புதிய நாவலொன்றை எழுதத் தொடங்கினார். அதுவே ‘ஜேன் அயர்’.

நாம் இங்கே சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். பழைய பொதியை அவர் கைவிடவில்லை. அது அடுத்த முகவரிக்குப் போய்க்கொண்டேயிருந்தது. ஆனால், அதன் முடிவை எதிர்நோக்கிக் கைகட்டி அமர்ந்திருக்கவும் இல்லை. 1847 யூலையில் அப்பொதி ஸ்மித் எல்டர் என்னும் பிரசுராலயத்தை அடைந்தது. அவர்களும் மறுத்தனர். எனினும், நூலின் குறைநிறைகளை விரிவாக எடுத்துக்கூறி, மூன்று பாகங்களில் அமைந்த நாவல் இருப்பின் கவனிப்போம் என்று கடிதம் எழுதினர். ‘ஜேன் அயர்’ அநேகமாக எழுதி முடிந்திருந்தது! ஆகஸ்ட் 24ஆந் திகதி அது புகையிரத மூலம் இலண்டனுக்குச் சென்றது. ஒக்டோபர் மாதத்தில் நூலாக வெளிவந்து நாடெங்கும் புகழ்பெற்றது. அடுத்த நூல் கைவசம் இல்லாதிருந்தால், அந்த நல்ல மறுமொழியாற் பயன் என்ன?

பொறுத்தவர் யாவற்றையும் பெறுவர் என்று கூறி இக்கதையை முடித்துவிட எமக்கு மனமில்லை. எமிலியின் நாவலும் ஆனின் நாவலும் வேறொரு பிரசுரகர்த்தரிடம் 50 பவுண் கட்டிய பின்னும் தாமதப்பட்டு, 1847 டிசம்பரில் பிழைகள் மலிந்து வெளிவந்தன. எமிலி இறந்த பின் அவருடைய எழுதுபெட்டியைத் திறந்தபோது, தம் நூலைப் பற்றிய ஐந்து விமர்சனங்களை அவர் வெட்டி வைத்திருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பல கடுமையானவை. 1848 செப்டெம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மேயில் ஆன் என ஒன்பது மாதங்களுக்குள் மூவரும் மறைந்தனர். பின்னர் அம்மேசையைச் சுற்றிச் சார்லட் தனியாகவே நடந்தார். ‘பேராசிரியர்’ அவர் வாழ்நாளில் வெளிவரவேயில்லை. ஒன்பது முறை மறுக்கப்பட்ட அந்நூலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, அதற்கு ஆதாரமான பிரசெல்ஸ் நகர அனுபவங்களைக் கொண்டே 1853இல் ‘விலெற்’ என்னும் சிறந்த நாவலைப் படைத்தார். 1855இல் அவர் மறைந்து ஈராண்டுகளின் பின்னரே ‘பேராசிரியர்’ அச்சு வாகனம் ஏறியது.

மாலையில் மேட்டு வெளியிலே சிறிது தூரம் நடந்தோம். எழுதி அனுப்பிவிட்டு நாள்தோறும் தபாற்காரரை எதிர்பார்த்து நிற்கும் நம் இளைஞர்களையும் யுவதிகளையும் நினைத்துக்கொண்டோம். பத்திரிகையாசிரியரின் மனமும் வாசகரின் சுவையும் காலத்தின் போக்கும் நம் கைக்குள் அடங்குபவையல்ல. எழுதியதை ஒருவருக்கு வாசித்துக் காட்டுதலும், திரும்பி வந்ததை வேறிடத்துக்கு அனுப்புதலும், அது போயிருக்கும் வேளையில் அடுத்ததைத் தொடங்குதலும் நம்மால் இயல்வன. வீட்டில் எழுதும் பிள்ளை ஒன்று இருந்தால், பெற்றோர் செய்யத்தக்கதும் உண்டு. பாராட்டவோ கண்டிக்கவோ விரையாமல், கேட்கும்போது கடதாசி இல்லையென்று சொல்லாதிருந்தாலே போதும்.