அத்தைக்கு மீசை முளைத்தால்... அடி அண்ணாமலையிலிருந்து ஒரு தேடல்

‘அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா’ என்று ஒரு சொலவடை உண்டு. நடக்காத காரியத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டே இருப்பவர்களின் வாயை அடைக்கச் சொல்வது. இதை முதலில் சொன்னவர் எந்த அத்தையின் முகத்தையும் அருகில் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய எத்தனையோ அத்தைகளுக்கு மோவாயில் நாலைந்து முரட்டு முடிகள் முளைக்கத்தான் செய்கின்றன. அதில் பாதி நரைத்தும் இருக்கும். மடியில் உட்கார்ந்த பேரப்பிள்ளை ‘பாட்டி, குத்துது’ என்று முகத்தைத் திருப்பும்போதுதான் பலருக்கு அது உறைக்கும்.

இருபது வயதுப் பெண்ணுக்கு வந்தால் கதையே வேறு. பஸ்ஸில் ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார மாட்டாள். பேசும்போது கை தானாக மோவாய்க்குப் போகும். 2024-ல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாணவியின் படம் வெளியானபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு மேலுதட்டு முடியைப் பற்றி இணையத்தில் கேலி பேசிய கூட்டத்தை நாடே பார்த்தது. முதல் மார்க் வாங்கினாலும் இதுதான் கதி என்றால், சாதாரணப் பெண் என்ன நினைப்பாள்?

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ஏறத்தாழ பாதிச் சுற்று முடிகிற மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. பிரம்மா பிரதிஷ்டை செய்தார் என்று தலபுராணம் சொல்லும் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான். மாணிக்கவாசகருக்கும் சந்நிதி உண்டு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் திருவெம்பாவை பிறந்த தலம் திருவண்ணாமலை. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் இந்த ஊர் வழியாகப் போகும். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி ஆடு, மாடு, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள். டவுனில் கிடைக்கிற எதுவும் வேண்டுமென்றால் மலையைப் பாதி சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெளிநாட்டுப் பெண்களும் வீடெடுத்துத் தங்குகிறார்கள். ரமணரைப் பற்றிப் பால் பிரன்டன் எழுதிய புத்தகம் 1934-ல் வெளியானதிலிருந்து தொடரும் வரத்து இது. மாதக்கணக்கில் தங்குகிற இவர்களில் நடுவயதைக் கடந்தவர்களும் உண்டு. ‘இங்கே எலக்ட்ராலஜிஸ்ட் யாராவது இருக்கிறார்களா?’ என்று அவர்களில் ஒருத்தி கேட்டால், ஆட்டோக்காரர் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் விட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அது தனித் தொழில். பல மாநிலங்களில் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கினால்தான் ஊசியைத் தொடலாம். நம் ஊர்ப் பக்கம் அந்தப் பெயரில் பலகையைத் தேடிப் பயனில்லை. அந்த வேலை வேறு பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இங்குள்ள பெண்கள் முதலில் போவது சமையலறைக்கு. குப்பைமேனி இலை, கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு. முகம் பளிச்சென்று ஆகலாம். முரட்டு முடியின் வேர் அசையாது. அடுத்தது பியூட்டி பார்லர். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அக்கா ஐந்து நிமிடத்தில் த்ரெடிங் செய்துவிடுவார். கண்ணில் நீர் முட்டும், மோவாய் வழவழவென்று ஆகும், இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். ‘அக்கா, ஒரேயடியா போறதுக்கு ஒண்ணும் இல்லையா?’ என்று கேட்டால், ‘அதுக்கு லேசர் பண்ணணும் கண்ணு, டவுன்ல கேளு’ என்பார்.

லேசர் நல்ல கருவிதான். ஆனால் அது முடியின் கருநிறத்தைக் குறிவைத்துச் சுடுவது. நரைத்த முடி அதன் கண்ணுக்குத் தெரியாது. பொன்னிற முடிக்கும் பூனை முடிக்கும் அதனால் பெரிய பயன் இல்லை. தோலும் கருப்பு, முடியும் கருப்பு என்றால் சரியான வகை லேசரை, சரியான அளவில் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முகத்தில் லேசர் வைத்த சிலருக்கு, சுற்றுப்புறத்துப் பூனை முடி முரட்டு முடியாக மாறிவிடுகிறது. தெற்காசியத் தோலில் இது நடப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வார்த்தையிலேயே வித்தியாசம் காட்டுகிறது: லேசருக்கு ‘நிரந்தரக் குறைப்பு’, எலக்ட்ரோலிசிஸுக்கு மட்டும் ‘நிரந்தர நீக்கம்’.

எலக்ட்ரோலிசிஸ் என்றால் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்புதான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா உண்டாகும் என்பது பாடம். முடி முளைக்கும் குழியிலும் உப்பும் ஈரமும் இருக்கின்றன. முடியளவே இருக்கும் மெல்லிய ஊசியை அந்தக் குழிக்குள் இறக்கி, சிறிதளவு மின்சாரம் விட்டால், அங்கேயே ஒரு துளி காஸ்டிக் உருவாகி வேரைக் கரைத்துவிடும். 1875-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், இமை உள்பக்கமாக மடிந்து கருவிழியைக் குத்தும் முடிகளை எடுக்க இந்த வழியைக் கையாண்டதை எழுதினார். அழகுக்காகக் கண்டுபிடித்ததல்ல, பார்வையைக் காப்பாற்றக் கண்டுபிடித்தது. பிறகு 1920-களில் பிரான்ஸின் லியோன் நகரில் ஹென்றி போர்தியே, வேரை வெப்பத்தால் சுடும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டையும் கலந்த ‘பிளெண்ட்’ முறை 1940-களில் அமெரிக்காவில் உருவானது. இன்றும் இந்த மூன்றுதான்.

சங்கடம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும். அதுவும் வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் வேரோடு சாகும். தூங்கிக்கொண்டிருக்கும் முடி அடுத்த சுற்றில்தான் சிக்கும். அதனால் ஒரே நாளில் வேலை முடியாது. மோவாயில் நாலைந்து முடி என்றால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அடர்த்தியாக இருந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். முழுத் தாடி என்றால் நூறு மணி நேரத்துக்கு மேல்கூட இழுக்கும்.

முழுத் தாடி யாருக்கு என்று கேட்கலாம். திருவண்ணாமலையில் அதற்குப் பதில் தேடி அலைய வேண்டாம். அம்பிகை தவமிருந்து இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றதாகச் சொல்லும் தலம் இது. கார்த்திகை தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடங்கள் ஆடிக் காட்சி தந்த பிறகுதான் மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். அந்தக் காட்சிக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில் திருநங்கையரும் இருப்பார்கள். 2008-ல் திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. அறுவை சிகிச்சை பற்றி, ஹார்மோன் பற்றி இப்போது பேசுகிறார்கள். தாடியைப் பற்றிப் பேச்சு குறைவு. ஹார்மோன் மாத்திரை உடம்பின் வளைவை மாற்றும். ஒருமுறை முளைத்துவிட்ட தாடியை அது எடுக்காது. தினமும் விடிவதற்கு முன் ஷேவ் செய்து, அதன்மேல் பவுடர் பூசி, மத்தியானத்துக்குள் பச்சையாகத் தெரியும் மோவாயோடு வேலைக்குப் போகிறவருக்கு இது அழகுப் பிரச்னை இல்லை. தெருவில் நிம்மதியாக நடக்கிற பிரச்னை.

சரி, அடி அண்ணாமலையிலிருந்து எங்கே போவது? முதலில் தோல் மருத்துவரிடம். நேராக ஊசிக்காரரிடம் அல்ல. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நல்ல மருத்துவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ‘மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?’ என்று கேட்பார். சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. காரணம் சரியாகாவிட்டால் கொன்ற முடி போன இடத்துக்குப் பக்கத்தில் புது முடி எழுந்து நிற்கும். கொடுத்த காசுக்குக் கணக்கில்லை. நாலைந்து மாதத்துக்குள் திடீரென்று அடர்ந்து முளைத்து, குரலும் கரகரத்தால், அழகு நிலையத்துக்கே போகக் கூடாது. அது உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

அதன் பிறகு ஊசி. ‘ஸ்கின் கிளினிக்’, ‘காஸ்மெட்டிக் கிளினிக்’, ‘லேசர் சென்டர்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் நேராகவே கேட்டுவிடலாம்: ‘ஊசி வெச்சு ஒவ்வொரு முடியா எடுக்கறது உங்ககிட்ட இருக்கா டாக்டர்?’ சிலர் சிரித்துவிட்டு லேசர் பேக்கேஜைத் தள்ளுவார்கள். லேசர் மெஷினுக்கு லட்சக்கணக்கில் போட்டவர்கள் அவர்கள். ஒற்றை ஊசியோடு உட்கார்ந்தால் கடன் எப்போது அடைவது? நரைத்த முடிக்கும் லேசர் போதும் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வெளியே வரலாம். உள்ளூரில் கிடைக்காவிட்டால், வடக்கே வேலூர். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரயிலில் காட்பாடி வழி. கிழக்கே புதுச்சேரி. இரண்டு ஊரிலும் பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில், எங்கே, யாரிடம் இந்தக் கை இருக்கிறது என்று விசாரிக்கலாம். சென்னை கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். ஒருமுறை போய் வரச் சரி; மாதத்துக்கு இரண்டு தடவை, ஒன்றரை வருடம் என்றால் பஸ் கட்டணமும் விடுப்பும் சேர்ந்து சிகிச்சைக் கட்டணத்தை மிஞ்சிவிடும். அதனால் கெட்டிக்காரக் கை பக்கத்தில் இருப்பது இந்த ஒரு வேலைக்குச் சொகுசு இல்லை, அவசியம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அரைகுறைக் கையில் முகத்தைக் கொடுப்பதைவிட, வேலூர் பஸ் ஏறுவது மேல்.

கையைச் சோதிப்பதற்கு வழி இருக்கிறது. ஊசி பாக்கெட் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு வைத்த ஊசியை இன்னொருவருக்கு வைக்கவே கூடாது. பூதக்கண்ணாடியும் நல்ல விளக்கும் இல்லாமல் செய்கிறவரிடம் நிற்க வேண்டாம். ஊசி தோலைக் குத்தாது, இருக்கிற துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும்; ரத்தம் எட்டிப் பார்த்தால் வழி தவறிவிட்டது என்று பொருள். மின்சாரம் பாய்ந்த பின் முடி இழுபறி இல்லாமல் தானாக வர வேண்டும். ‘சுருக்’கென்று பிடுங்குவது போல வலித்தால் வேர் சாகவில்லை, காசு கொடுத்து ட்வீசர் போட்டுக்கொண்டதாகத்தான் அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு உபாயம்: முதல் நாளே முழு முகத்தையும் கொடுக்காமல், மோவாய்க்கு அடியில் மறைவான இடத்தில் பத்து முடி மட்டும் எடுக்கச் சொல்லி, ஒரு மாதம் காத்திருந்து பார்ப்பது. கருந்தழும்போ குழியோ விழவில்லை என்றால் அந்தக் கையை நம்பலாம். இதற்கு முகம் சுளிக்காத ஆளே நல்ல ஆள். நம் மாநிறத் தோலுக்குக் காயத்தைவிட அது விட்டுப்போகும் கறுப்புதான் பெரிய தொல்லை.

காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர்காரர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு, போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே த்ரெடிங்கை நிறுத்த வேண்டும். பிடுங்கிய குழியில் ஊசிக்கு வேலை இல்லை. இடையில் அசிங்கமாக இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொள்ளலாம், ஷேவ் செய்தாலும் தப்பில்லை. ‘பொம்பளப் புள்ள ஷேவ் பண்ணா அடர்த்தியா வளரும்’ என்று பெரியம்மா சொல்வது வெறும் பயமுறுத்தல். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிப்போய் ஆரம்பிப்பது மட்டும் கூடாது.

முடித்து வந்த அன்று முகம் சிவந்து, கொசு கடித்தது போலத் தடித்திருக்கும். ஒன்றிரண்டு நாளில் கடுகளவு பொருக்கு கட்டும்; நகத்தால் கிள்ளினால்தான் தழும்பு. மஞ்சள், பவுடர், குங்குமம் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. வெயிலும் வியர்வையும் ஆகாது என்பதால், பௌர்ணமியை ஒட்டி ஊசி வைத்துக்கொண்டவர்கள் அந்த மாதம் கிரிவலத்தை விட்டுவிடுவது நல்லது. அடி அண்ணாமலைக்காரர்களுக்கு மலை வாசலிலேயே இருக்கிறது; அடுத்த பௌர்ணமிக்குள் பொருக்கு உதிர்ந்துவிடும்.