முகமாலையில் மண் துழாவும் மங்கையர்

அரிசியில் கல் பொறுக்கியிருக்கிறீர்கள் அல்லவா? மில்லிலேயே யந்திரத்தில் கல் நீக்கித்தான் மூட்டை கட்டுகிறார்கள். இருந்தாலும் உலையில் இடுமுன் ஒரு தடவை முறத்தில் பரப்பிப் பார்த்தால்தான் நமக்குத் திருப்தி. ஒரு கல் தப்பிவிட்டால் என்ன? சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளிப்பார். இரண்டு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். ஒன்று தப்பினால் ஒரு கால் போய்விடும் என்று இருந்தால்? அப்படிப்பட்ட வேலை செய்யும் பெண்களைத்தான் இலங்கையில் முகமாலை என்ற ஊரில் பார்த்துவிட்டு வந்தேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையில் கிளிநொச்சி, ஆனையிறவு, பளை எல்லாம் தாண்டினால் முகமாலை. ரயிலிலும் போகலாம். போரில் அழிந்துபோன அந்தப் பாதையில் 2014-ல் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் பனையும் தென்னையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் சற்று உற்றுப் பாருங்கள். சில பனைகளுக்குத் தலையே இல்லை! கூடவே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும் தென்படும்.

2000-ஆம் ஆண்டிலிருந்து 2009 தொடக்கம் வரை ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்முனை இங்கேதான் இருந்தது. இரு தரப்பாரும் தங்கள் அகழிகளுக்கு முன்னால் வெடிகளைப் புதைத்தார்கள். 2009-ல் சண்டை ஓய்ந்தது. புதைத்தவர்கள் போய்விட்டார்கள், புதைத்தவை போகவில்லை.

நாம் கண்ணிவெடி என்கிறோம். அங்கே மிதிவெடி என்கிறார்கள். பெயரிலேயே சமாசாரம் விளங்கிவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மேலே கால் பட்டால் போதும். அதில் உலோகம் மிகக் கொஞ்சம். அதனால் உலோகம் காட்டும் கருவிக்கும் அது எளிதில் அகப்படுவதில்லை.

“இந்தக் காலத்தில் இதற்கு ஒரு யந்திரம் கிடையாதா?” என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது! 1942-ல் எல் அலமீன் போர்க்களத்திலேயே, முன்புறம் சங்கிலிகள் சுழன்று மண்ணை அடிக்கும் டாங்கிகளை ஓட்டினார்கள். டூ டாய்ட் என்ற தென்னாப்பிரிக்கரின் யோசனை அது. ஆனால் அதற்குள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது அதுவும் வேண்டாம். ஸ்லோவாக்கியாவில் செய்யும் பொசேனா, குரோவேஷியாவில் செய்யும் எம்.வி.-4 ஆகிய யந்திரங்களைத் தூரத்தில் நின்றே ஓட்டலாம். குரோவேஷியாவும் 1991 முதல் 1995 வரை போரில் சிக்கி, வயலெல்லாம் வெடியோடு தவித்த நாடுதான். பட்டவர்களுக்குத்தானே அருமை தெரியும்!

இலங்கை ராணுவத்தின் வெடி அகற்றும் பிரிவும் இவற்றை வடக்கே கொண்டுவந்தது. முன்னால் ஓர் உருளை. அதில் வரிசையாகச் சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு சம்மட்டி. உருளை சுழன்றால் புதரெல்லாம் தூள் தூளாகிறது. மண்ணும் சில அங்குல ஆழத்துக்குக் கொத்தப்படுகிறது. வெடி இருந்தால் அங்கேயே வெடிக்கும், அல்லது நொறுங்கும். ஓட்டுகிறவரோ எட்ட நின்று, மார்பில் தொங்கும் பெட்டியின் பிடிகளை அசைக்கிறார். நம் வீட்டுப் பையன் பொம்மைக் கார் ஓட்டுவது போல!

அப்படியானால் இந்தப் பெண்கள் எதற்காக மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? முகத்துக்கு நேரே கண்ணாடிக் கவசம், உடம்பில் கனத்த மேலங்கி, உச்சி வெயில். தோட்டத்தில் சருகு வாருவோமே, அந்த மாதிரிப் பல் வைத்த வாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டுகிறார்கள். சிவப்புத் தலைக் குச்சிகளுக்கு அப்பால் ஒரு காலும் வைப்பதில்லை.

ஓய்வு நேரத்தில் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்த ஓர் அம்மாளிடம் இதைக் கேட்டேன். போரில் கணவனை இழந்தவர். இந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைக்கிறார்.

“மெசின் நல்லதுதான், தங்கச்சி. பற்றை வெட்ட அதுதான் வேணும். ஆனா பனைகளுக்கு இடையில, இடிஞ்ச பங்கருக்குள்ள அது போகாது. அடிச்ச இடத்திலயும் ஒண்டு ரெண்டு தப்பிக் கிடக்கும். அந்த ஒண்டை மிதிக்கப்போறது ஆரின்ர பிள்ளை, சொல்லுங்கோ?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “பயமாக இல்லையா?” என்று மட்டும் கேட்டேன்.

“முதல் நாள் கை நடுங்கினதுதான். இப்ப அவசரப்படுறதுக்குத்தான் பயம்.”

நல்ல யந்திரங்கள் வந்துவிட்டால் இந்த வேலை போய்விடாதா என்றேன். அவர் சிரித்தார். “இது முடிஞ்சு போகவேணும் எண்டுதானே இருந்து செய்யிறம்!”

உலக நாடுகள் 1997-ல் செய்துகொண்ட மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நிலம் முழுவதையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

புறப்படுமுன் பக்கத்தில் துப்புரவாகி முடிந்த ஒரு வளவைக் காட்ட அந்த அம்மாள் அழைத்துப் போனார். புதிதாக ஒரு வீடு எழும்பியிருந்தது. கொடியில் பள்ளிக்கூடச் சீருடை உலர்ந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் முருங்கைக் கன்று ஒன்று துளிர்த்திருந்தது. சாலையிலிருந்து மண்ணில் இறங்க எனக்குக் கால் எழவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

“பயப்படாமல் வாங்கோ. இது நாங்கள் கையால பாத்த நிலம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண்ணில் நடந்துபோனேன்.