வளி மெலியும் வீதி

கம்பளையைக் கடந்ததும் வீதி மலையைப் பற்றிக்கொள்கிறது. புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை எனத் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எம்மை இறக்கிவிடுகிறது. அறுபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரந்தான். ஆனால் வெயிலிலே புறப்பட்டவர் போர்வைக்குள் போய்ச் சேருவார்.

2024 ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வாடகை வானில் அவ்வழியே சென்றோம். கம்பளையில் கராஜ் நடத்தும் எமது பழைய மாணவர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளில் துணைக்கு வந்தார். கரடுமுரடான மண்பாதைகளுக்கென்றே அமைந்த டூ ஸ்ரோக் வண்டி அது. சிலிண்டரின் துவாரங்களைத் தாமே அகலமாக்கி, வயிறு பருத்த புகைக்குழாய் ஒன்றையும் பொருத்தியிருந்தார். ஊரைக் கூட்டும் அதன் சத்தத்தை எம் இல்லாள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இறம்பொடையில் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியைக் கண்டு, ஆஞ்சநேயர் கோயிலிலும் வணங்கி வெளியே வந்தோம். மாணவர் வண்டியருகே குந்தியிருந்தார். வரும் வழியில் அது இருமத் தொடங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி படிந்து, ஈரமாய், மைபோல் இருந்தது.

“நீங்கள் படிப்பித்த வளியமுக்கந்தான், சேர்” என்று சிரித்தார்.

உயரம் கூடக் கூட வளி மெலிகிறது. நுவரெலியாவில் அதன் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே. காபரேற்றர் இதனை அறியாது. ஏறக்குறைய முன்போலவே பெற்றோலை விட, இயந்திரம் திணறுகிறது. காபரேற்றரின் அடியில் ஜெட் என்னும் சிறிய பித்தளைத் துண்டு உண்டு. முழுவேகத்துக்கான பெற்றோல் அதன் நடுத்துளையூடாகவே வரும். எண் குறைந்தால் துளையும் சிறிது. அவர் எண் குறைந்த ஜெட்டைப் பூட்டி, ஊசியை ஒரு படி இறக்கி, வளித் திருகாணியைச் சற்றுத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டார். சிறிது தூரம் ஓடிவந்து மறுபடியும் பிளக்கைக் காட்டினார். இப்போது அது பால்விட்ட கோப்பியின் நிறம். அதுவே சரியான நிறமாம்.

லபுக்கலையில் தேநீர் அருந்தினோம். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கப் பயணிகள் முண்டியடித்தனர். அப்பெண்கள் வாழும் லயங்களின் பக்கம் எவரும் திரும்பவில்லை. நுவரெலியாவில் கிரகரி வாவியும் குளிரும் யாவரும் அறிந்தவை.

மாலையில் மூடுபனி இறங்கியது. புறப்படுமுன் பழைய ஜெட்டை மாற்றவேண்டும், கால்மணி நேரம் போதும் என்றார் மாணவர்.

“ஏறும்போது பிழைத்தால் இருமும், சேர். இறங்கும்போது பிழைத்தால் இறுகிவிடும்.”

நாம் அறியாததல்ல. கீழே வளி அடர்த்தியாகும், சிறுதுளை தரும் பெற்றோல் அதற்குப் போதாது, சூடு ஏறும். டூ ஸ்ரோக்கில் எண்ணெயும் பெற்றோலோடு கலந்தே வருவதால் அதுவும் குறையும். பிஸ்ரன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் படம் வரைந்தே விளக்கியிருப்போம். ஆயினும் பிள்ளைகள் தூங்கி விழுந்தனர். சாரதி கடிகாரத்தைப் பார்த்தார். “கம்பளையில் போய் மாற்றலாம், தம்பி” என்றோம். ஆசிரியர் சொல்லை அவர் தட்டவில்லை.

வளைவுகளில் மிக நிதானமாகவே இறங்கினார். புசல்லாவைக்குக் கீழே வீதி சற்று நேரானதும் வேகம் கூட்டினார். சத்தம் மெலிந்து, கூர்மையாகி, சட்டென நின்றது. பின்சில்லு சுழலாமல் வீதியில் கரிய கோடொன்றை இழுத்தது. எதிரே பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவருடைய விரல்கள் கிளச்சின் மேலேயே இருந்திருக்கின்றன. உடனே அழுத்தி, வண்டியை ஓரத்துக்கு உருட்டிவிட்டார்.

நாம் ஓடிச் சென்றபோது அவர் எம்மைக் குறை கூறவில்லை. “பிஸ்ரன் போய்விட்டது, சேர்” என்றார். மரக்கறி லொறி ஒன்றில் வண்டியை ஏற்றிக் கயிறு கட்டும்போது அவர் கைகள் நடுங்கின. சட்டைப்பையில் காகிதத்தில் சுற்றிய அந்தப் பெரிய ஜெட் அப்படியே இருந்தது.

யாழ்ப்பாணம் திரும்பியதும் பிஸ்ரனுக்கென்று பணம் அனுப்பினோம். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.