கோழிப்பண்ணையில் படித்த பெயர்!

2018-ம் ஆண்டு, ஐப்பசி மழை நேரம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் அம்மா. சிறுநீர்த் தொற்றில் ஆரம்பித்த காய்ச்சல், ரத்தம் வரை பரவியிருந்தது. போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று அர்த்தம். கடைசி வரியில் மட்டும் 'எஸ்'.

"இது ஒண்ணுதான் பாக்கிம்மா" என்று அக்காவிடம் சொன்னார் டாக்டர். "கிட்னியைப் பாதிக்கலாம். தினமும் டெஸ்ட் பண்ணிக்கிட்டே கொடுப்போம்."

மருந்தின் பெயர் கொலிஸ்டின்.

எங்கேயோ படித்த பெயராக இருந்தது. ராத்திரிதான் ஞாபகம் வந்தது. பல்லடம் பக்கம் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் பிராய்லர் பண்ணையில், தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த பொடி பாக்கெட்டில்!

ஐசியூ வாசல் பெஞ்சில் மச்சானிடம் கேட்டேன்.

"அதுங்களா? குஞ்சுக்குப் பேதி வராம இருக்கத் தண்ணில கலக்கறதுங்க மாப்ள. எடையும் நல்லா ஏறும்னாங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனிக்காரங்க எறக்கறதுதான். நமக்கு வளர்ப்புக் கூலி. குஞ்சு செத்தா அதுவும் போச்சு" என்றவர், உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்தார். அப்புறம் பேசவே இல்லை.

அம்மாவுக்கு வந்த கிருமி பண்ணையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால், மனிதர்களுக்கான கடைசி மருந்தை, நோயே வராத கோழிக்கும் கலந்துகொண்டிருந்தோம் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு தேடிப் படித்தேன். கொலிஸ்டினுக்கு அடங்காத ஒரு மரபணுவைச் சீனாவில் கண்டுபிடித்து 2015-ல் அறிவித்தார்கள். பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. பெயர் எம்.சி.ஆர்-1. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது.

2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது இன்னும் பகீர் ரகம். கொலிஸ்டின், கிருமியின் மேலுறையில் ஒட்டி அதை உடைக்கும். நம் உடம்பே சுரக்கும் சில புரதத் துணுக்குகளும் ஏறக்குறைய அதே வழியில்தான் கிருமியைக் கொல்கின்றன. மருந்திலிருந்து தப்பிக்க மேலுறையை மாற்றிக்கொண்ட கிருமி, நம் உடம்பின் சொந்த ஆயுதத்துக்கும் டிமிக்கி கொடுக்கப் பழகிவிடுகிறது. புழுக்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அந்த மரபணு உள்ள கிருமி அதிக வீரியத்தோடு தாக்கியது. மருந்துக்கு அடங்காததோடு, நோயைத் தீவிரமாக்கும் பலமும் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. 2017-ல் சீனா, கால்நடைகளின் எடையைக் கூட்டக் கொலிஸ்டின் கொடுப்பதை நிறுத்தியது. அதன் பிறகு அந்த மரபணு அங்கே குறைந்தது. இந்தியாவிலும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு தடை போட்டது.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. எதிர்ப்புச்சக்தி பெற்ற கிருமியும் நன்றாக வெந்தால் செத்துவிடும். கறி வெட்டிய கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதே பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். காய்ச்சலுக்கெல்லாம் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

பதினெட்டாம் நாள் அம்மா வீடு திரும்பினார். மச்சான் இன்னமும் பண்ணை நடத்துகிறார். எந்தப் பாக்கெட் வந்து இறங்கினாலும் பிரிப்பதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார். கீழே ஒரே வரி: "இது அத்தைக்குக் குடுத்த மருந்துங்களா மாப்ள?"