மாற்றும் முன் அளந்து பாருங்கள்!

தானியங்கி சொட்டுநீர் போட்ட தோப்பில் ஒரு வால்வு திறக்கவில்லை என்றால், முதல் பழி சோலினாய்டு மேல்தான் விழும். 'சோலினாய்டு போயிருச்சு' என்று கடைக்காரர் சொல்வார்; விவசாயியும் பணத்தை எடுத்து வைப்பார். உடுமலைப்பேட்டை பக்கம் நாலு ஏக்கர் தென்னை வைத்திருக்கும் ஒரு விவசாயி மட்டும் அப்படி உடனே நம்பிவிட மாட்டார். ஊர் திரும்புவதற்கு முன், சவுதியில் பல வருடங்கள் ஆட்டோமேட்டிக் கியர் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர் அவர்.

லாரிக்கும் தென்னந்தோப்புக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலும் சோலினாய்டின் வேலை ஒன்றுதான். செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, நடுவில் உள்ள சின்ன இரும்புத் தண்டை இழுக்கும். கியர் பெட்டியில் அந்தத் தண்டு ஆயில் போகும் வழியைத் திறந்து மூடி கியரை மாற்ற வைக்கிறது. தோப்பு வால்வில் ஊசித் துளை ஒன்றைத் திறக்கிறது. ரப்பர் டயாபிரத்தின் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் தண்ணீர் அதன் வழியே வடிய, டயாபிரம் மேலெழும்பி வால்வு திறக்கிறது.

சவுதியில் அவரிடம் வந்த ஒரு லாரி, ஒரே கியரில் நின்றுகொண்டு அடுத்ததற்கு மாறவே இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில் சோலினாய்டு என்று கோடு காட்டியது. புதுசு போட்டு அனுப்பினார். இரண்டே நாளில் அதே கோளாறோடு வண்டி திரும்பி வந்தது. தேடிப் பார்த்தபோது, ஃபிரேமில் உரசி உரசி உறை கிழிந்த ஒயர் ஒன்று கிடைத்தது. அந்தக் கோடு 'இந்த சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொன்னது. 'இந்தப் பாகம் கெட்டது' என்று சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு வரிசை வைத்துக்கொண்டார். முதலில் ஆயிலின் அளவும் நிறமும். அடுத்து கனெக்டர், ஒயர். கடைசியாகத்தான் சுருளின் ஓம் அளவு. அதையும் வண்டி ஆறியிருக்கும்போது ஒரு முறை, ஓடி வந்த சூட்டில் ஒரு முறை அளப்பார். குளிரில் சரியாகக் காட்டும் சுருள், சூட்டில் விட்டுப்போவது உண்டு. சூடேறினால் செம்பின் மின்தடை இயல்பாகவே கூடும் என்பதால், வண்டியின் கையேட்டில் எந்த வெப்பநிலைக்கு என்ன அளவு போட்டிருக்கிறது என்றும் பார்ப்பார்.

போன சித்திரையில் அவர் தோப்பின் மூன்றாம் வால்வு திறக்கவில்லை. இரண்டு முறை பாசனம் தவறி, குரும்பை கொட்ட ஆரம்பித்துவிட்டது. "நாலும் ஒரே வயசுங்கண்ணா, நாலையும் மாத்திருங்க" என்றார் கடைக்காரர். "ஏனுங்கண்ணா, இந்த ஆட்டோமேட்டிக்கே நமக்கு வேண்டாமுங்க. பழையபடி கேட் வால்வைத் திருப்பிட்டுப் போயிரலாம்" என்றார் தம்பி. "மீட்டரை வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் சண்டை போடலாம் தம்பி" என்று மல்டிமீட்டரை எடுத்தார் அண்ணன்.

முதலில் வால்வைக் கையால் திறக்கும் திருகைத் தளர்த்தினார். தண்ணீர் பாய்ந்தது; அப்படியானால் டயாபிரம் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரப் பக்கம். அடுத்து கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி, அங்கே மூன்றாம் வால்வின் ஒயரைக் கழற்றி, அதற்கும் பொது ஒயருக்கும் இடையே அளந்தார். மீட்டர் எதுவும் காட்டவில்லை, எங்கேயோ அறுந்திருக்கிறது. வால்வுக்கே போய் சுருளின் இரண்டு ஒயரிலும் வைத்தார்: 38 ஓம். சுருள் நலம்! அறுந்தது நடுவில்தான்.

ஒயரைத் தொடர்ந்து போனதில், மண்ணுக்குள் டேப் மட்டும் சுற்றிப் புதைத்த ஜாயின்ட் ஒன்று பச்சைக் களிம்பு ஏறி இற்றுப்போயிருந்தது. வெட்டி எடுத்து, ஜெல் நிரப்பிய தண்ணீர் புகாத கனெக்டர் போட்டார். கன்ட்ரோலரில் இப்போது 44 ஓம். கூடுதல் 6 ஓம் நீள ஒயருடையது. அன்று மாலையே தண்ணீர் பாய்ந்தது. கேட் வால்வுப் பேச்சைத் தம்பி அதன் பிறகு எடுக்கவில்லை.

இலை மஞ்சளானதும் யூரியா வாங்க ஓடுவதும் இதே பழக்கம்தான். மஞ்சள் ஓர் அடையாளம் மட்டுமே. வேரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், மக்னீசியம் குறைந்திருக்கலாம். பார்க்காமல் மருந்து போட்டால் காசும் போகும், பருவமும் போகும்.

உங்கள் தோப்பில் 24 வோல்ட் ஏ.சி. வால்வு இருந்தால், நல்ல சுருள் பொதுவாக 20 முதல் 60 ஓம் காட்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருள் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் வால்வுக்கு அளவு வேறு, அதன் கையேட்டைப் பாருங்கள். எல்லா வால்வும் ஒரே நேரத்தில் நின்றால் பொது ஒயரையும் கன்ட்ரோலரையும் சந்தேகியுங்கள். வால்வு திறந்து மூடாமல் போனால், டயாபிரத்தின் அடியிலோ ஊசித் துளையிலோ மணல் இருக்கிறதா என்று பார்த்து, ஃபில்டரையும் கழுவுங்கள். சோலினாய்டைக் கழற்றும் முன் தண்ணீரை அடைக்க மறக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்து மட்டும் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.